பழைய பாணி டன்ஜன் ஆட்டம்: சாவைக் கூட்டினால் போதாது, கணக்கு வேண்டும்

கேள்வியின் சுருக்கம் இது. பகடை வீசிக் கற்பனைப் பாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பை ஆடிவந்த ஐந்து பேர், அதன் தொடக்ககாலப் பதிப்புகளின் பழைய பாணியை முயன்று பார்த்திருக்கிறார்கள். அரக்கர்களின் தாக்குதலைக் கூட்டி, சாகக் கிடக்கும்போது வீசும் பிழைப்புச் சோதனையை நீக்கியிருக்கிறார்கள். இரண்டே செஷனில் எல்லாக் கேரக்டரும் காலி. "இதில் என்ன சுவாரஸ்யம்? அந்தக் காலத்து ஆட்கள் எப்படித்தான் லெவல் ஏறினார்கள்?" என்று கேட்கிறார்கள்.

நீங்கள் ஆடிய விதத்தில் சுவாரஸ்யம் இருக்காதுதான். பழைய ஆட்டத்தின் தண்டனையை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து தப்பிக்க அது கொடுத்த வழிகளை விட்டுவிட்டீர்கள். புதையலுக்கு அனுபவப் புள்ளி, நேரக் கணக்கு, வெளிச்சம், சுமை, அலையும் அரக்கர், ரியாக்‌ஷன் வீச்சு, மனத்திடச் சோதனை என்று ஏழு உறுப்புகள் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன. ஒன்றை உருவினால் மற்ற ஆறும் வெறும் எழுத்து வேலையாகிவிடும். "தீப்பந்தம், எடை எல்லாம் எழுதிவைப்பது போரடிக்கிறது" என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் ஏழில் இரண்டை மட்டும் வைத்து ஆடியவர்கள். அவர்களுக்கு அது போரடிக்கத்தான் செய்யும்.

கீழே வரும் எண்கள் 1981-இல் டாம் மோல்ட்வே தொகுத்த பேசிக் விதிப்புத்தகத்தின்படி. 64 பக்கம், தெளிவான எழுத்து. அதையும் அதே ஆண்டு வந்த எக்ஸ்பர்ட் புத்தகத்தையும் கேவின் நார்மன் 2019-இல் ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸ் என்ற பெயரில் சீராக அடுக்கித் தந்தார். அடிப்படை விதிகளின் பி.டி.எஃப். இலவசமாகவே கிடைக்கிறது; இரண்டில் எது கையில் இருந்தாலும் சரி.

முதலில் எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி. கேரக்டரின் வகுப்பை (தொழில் வகையை)ப் பொறுத்து அளவு மாறும். ஃபைட்டர் (சண்டைக்காரர்) இரண்டாம் லெவலுக்கு 2,000 எக்ஸ்பி சேர்க்க வேண்டும்; தீஃபுக்கு (திருடர்) 1,200, கிளெரிக்குக்கு (மதகுரு) 1,500, மேஜிக் யூசருக்கு (மந்திரக்காரர்) 2,500. ஓர்க் என்ற சாதாரண அரக்கர் ஒன்றைக் கொன்றால் கிடைப்பது 10. ஐந்து ஃபைட்டர்கள் கொலையை மட்டும் நம்பி இரண்டாம் லெவலுக்குப் போக 1,000 ஓர்க் சாக வேண்டும். முதல் லெவல் ஃபைட்டரின் சராசரி ஹிட் பாயின்ட் (அடி தாங்கும் உயிர் அளவு) நாலரை. ஓர்க்கின் அடியோ ஆறுபக்கப் பகடை. இந்தக் கணக்கில் யாரும் லெவல் ஏற முடியாது, ஏறவும் இல்லை. ஏறியது புதையலால்: டன்ஜனிலிருந்து, அதாவது நிலத்தடி அறைகளிலிருந்து, பத்திரமாக வெளியே கொண்டுவந்த ஒவ்வொரு பொற்காசு மதிப்புக்கும் ஒரு எக்ஸ்பி. மாயப் பொருட்களுக்கு எக்ஸ்பி கிடையாது. அவை கிடைப்பதே பரிசு.

இந்த ஒரு விதி ஆட்டக்காரர்களின் புத்தியை முழுவதும் திருப்பிவிடும். சண்டை இனிச் செலவு. ஓர்க்குகள் தூங்கும் அறையிலிருந்து பெட்டியை மட்டும் தூக்கி வந்தாலும் முழு எக்ஸ்பி. ஏமாற்றலாம், லஞ்சம் கொடுக்கலாம், இரண்டு கூட்டத்தை மோதவிட்டு ஒதுங்கி நிற்கலாம், கதவை ஆணியடித்து மூடிவிட்டுப் போகலாம். நீங்கள் சாவைக் கூட்டிவிட்டு எக்ஸ்பியைக் கொலைக்கே கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். தப்பிப் போகிறவனுக்கு ஆட்டத்தில் ஒன்றுமே இல்லை என்றால் ஆட்டக்காரர் நேராகப் போய் மோதத்தான் செய்வார், செத்தும் போவார்.

அடுத்தது சுமை. பத்துக் காசு ஒரு பவுண்டு எடை. நூறு செப்புக் காசு ஒரு பொற்காசு. ஒரு நகை 3 பகடை கூட்டி நூறால் பெருக்கிய மதிப்பு, அதாவது சராசரி 1,050 பொற்காசு. எடை பத்துக் காசளவு. ஆயிரம் பொற்காசு மதிப்பு செப்பாகக் கிடந்தால் 1,00,000 காசு, 10,000 பவுண்டு, நான்கரை டன். ஆகவே "புதையல் கிடைத்தது" என்பதோடு வேலை முடிவதில்லை. எதை எடுப்பது, எதை மறைத்து வைப்பது, கழுதை கொண்டுவரலாமா, திரும்பி வருவதற்குள் வேறு கூட்டம் தூக்கிப் போய்விடுமா என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. ஆட்டத்தின் சுவையான அரைமணி நேரங்கள் பலவும் இந்தப் பேச்சுதான்.

சுமை நடையைக் குறைக்கும். கவசமில்லாமல் ஒரு டர்னுக்கு 120 அடி, தோல் கவசத்தில் 90, இரும்புக் கவசத்தில் 60. இரும்போடு கனத்த சுமையும் சேர்ந்தால் 30. இருட்டில் தடவித் தடவி, வரைபடம் வரைந்துகொண்டு போகும் வேகம் இது. ஒரு டர்ன் பத்து நிமிடம். கூட்டத்தின் வேகம் அதில் மெதுவாக நடப்பவரின் வேகம்.

நேரத்தை எழுதும் விதம் இப்படி. நடுவர், அதாவது ஆட்டத்தை நடத்தும் உங்கள் டி.எம். (டன்ஜன் மாஸ்டர்), ஒரு தாளில் ஆறு ஆறு கட்டங்களாக வரைந்துகொண்டு டர்ன் முடியும்போது ஒரு கோடு போட வேண்டும். இரும்புக் கவசக்காரர் இருக்கும் ஒரு கூட்டத்துக்கு முதல் மணி நேரம்:

டர்ன் 1: நடைபாதையில் 60 அடி.
டர்ன் 2: இன்னும் 60 அடி. அலையும் அரக்கர் சோதனை.
டர்ன் 3: இறுகிய கதவு; ஒட்டுக் கேட்டு, முட்டித் திறந்து, உள்ளே நுழைதல்.
டர்ன் 4: 20-க்கு 20 அடி அறையை நால்வர் ஆளுக்கொரு பத்தடிச் சதுரமாகத் தேடுதல். மறுபடி சோதனை.
டர்ன் 5: கோப்ளின் என்ற குட்டி அரக்கர்களோடு சண்டை. பத்து விநாடி ரவுண்டில் ஆறேழு ரவுண்டுதான். ஆனாலும் மூச்சு வாங்கி, காயம் கட்ட, ஒரு முழு டர்னாக எழுதிக்கொள்ளலாம்.
டர்ன் 6: கட்டாய ஓய்வு. ஐந்து டர்னுக்கு ஒரு டர்ன் ஓயாவிட்டால் தாக்குதலிலும் சேதத்திலும் ஒன்று குறையும். மறுபடி சோதனை. பந்தம் அணைகிறது.

தீப்பந்தம் ஆறு டர்ன் எரியும். ஆறு பந்தம் ஒரு பொற்காசு. லாந்தர் விளக்கில் ஒரு குப்பி எண்ணெய் 24 டர்ன் வரும். குப்பி இரண்டு பொற்காசு, விளக்கு பத்து. வெளிச்சம் 30 அடிக்குத்தான். பந்தம் பிடித்தவர் ஒரு கையை இழக்கிறார். கேடயமோ இருகை வாளோ கிடையாது. அலையும் அரக்கர் சோதனை இரண்டு டர்னுக்கு ஒருமுறை, ஆறுபக்கப் பகடையில் 1 விழுந்தால் ஏதோ வருகிறது. மணிக்கு மூன்று சோதனை என்றால் ஒன்றாவது விழும் வாய்ப்பு நூற்றுக்கு 42. இரண்டு மணி நேரம் உள்ளே இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு.

அலையும் அரக்கர்களிடம் புதையல் பெரும்பாலும் இருக்காது என்பதைக் கவனியுங்கள். அவர்களைச் சந்திப்பது ஏறக்குறைய முழு நஷ்டம். நேரத்துக்கு விலை வைப்பது இந்தச் சோதனைதான். இதை விட்டுவிட்டால் ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு கல்லையும் தட்டி, ஒவ்வொரு சுவரையும் தடவி, ஒரு அறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிடுவார்கள். "பழைய பாணி என்றால் பத்தடிக் கம்பால் தரையைக் குத்திக்கொண்டே போவது" என்ற புகாரின் வேர் இதுதான். குத்தட்டும், குத்துவதற்கு டர்ன் ஆகும், டர்னுக்குப் பகடை விழும், பந்தம் தேயும். எங்கே குத்துவது, எங்கே துணிந்து நடப்பது என்று அவர்களே தேர்ந்துகொள்வார்கள்.

இனிச் சாவைப் பற்றி. அரக்கரைக் கண்டதும் பகடையை எடுத்து முன்னுரிமை (யார் முதலில் அடிப்பது என்று) வீசச் சொல்வது இப்போதைய பழக்கம். பழைய விதியில் அதற்கு முன் மூன்று படி உண்டு. இரு தரப்பும் திகைப்புக்கு வீச வேண்டும். ஆறில் 1 அல்லது 2 விழுந்த தரப்பு திகைத்து நிற்கும். தூரம் இரண்டு பகடை கூட்டிப் பத்தால் பெருக்கிய அடி. மூன்றாவதுதான் முக்கியம்: ரியாக்‌ஷன் வீச்சு, இரண்டு பகடை. 2 விழுந்தால் உடனே தாக்குதல். 3 முதல் 5 வரை பகைமை, தாக்கலாம். 6 முதல் 8 வரை குழப்பம், என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள். 9 முதல் 11 வரை தாக்கமாட்டார்கள். விலகிப் போவார்கள் அல்லது பேரம் கேட்பார்கள். 12 என்றால் நட்பு. கேட்காமலே உடனடித் தாக்குதல் 36-இல் ஒரு வாய்ப்புதான். பகைமையையும் சேர்த்தால் 10. மிச்சம் 26 வாய்ப்பிலும் ஆட்டக்காரர் வாயைத் திறந்து ஏதாவது செய்ய இடம் இருக்கிறது.

நடுவர் செய்யும் தவறு, 6 முதல் 8-ஐ "சரி, முறைக்கிறார்கள்" என்று சொல்லிக் கடந்துவிடுவது. குழப்பம் என்றால் அவர்களுக்கும் வேலை இருக்கிறது என்று பொருள். அந்த ஓர்க்குகள் எங்கே போய்க்கொண்டிருந்தன? பிணம் தூக்கிக்கொண்டா, பக்கத்துக் கூட்டத்திடமிருந்து ஓடிக்கொண்டா, வழி தவறியா? அலையும் அரக்கர் பட்டியல் எழுதும்போதே ஒவ்வொரு வரியிலும் "என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்" என்று நாலு சொல் சேர்த்துவிட்டால் மேசையில் திணற வேண்டாம்.

சண்டை மூண்டாலும் அது கடைசி ஆள்வரை போகாது. ஒவ்வொரு அரக்கருக்கும் 2 முதல் 12 வரை மனத்திட எண் உண்டு. கோப்ளினுக்கு 7, ஓர்க்குக்கு 8. அந்தத் தரப்பில் முதல் ஆள் விழுந்ததும் ஒருமுறை, பாதிப் பேர் விழுந்ததும் ஒருமுறை இரண்டு பகடை வீச வேண்டும். எண்ணைத் தாண்டினால் ஓட்டம் அல்லது சரண். 7 உள்ள கோப்ளின் கூட்டம் ஒரு சோதனையில் உடையும் வாய்ப்பு 36-இல் 15. இரண்டு சோதனைக்குள் உடைவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு. எட்டுக் கோப்ளினை வெல்ல எட்டையும் கொல்ல வேண்டாம், நாலு போதும், அதிர்ஷ்டமிருந்தால் ஒன்று. உங்கள் இரண்டு செஷனிலும் மனத்திடம் வீசப்பட்டிருக்காது என்று பந்தயம் கட்டலாம்.

ஓடுவதற்கும் விதி உண்டு. துரத்தும் மிருகத்துக்கு முன் உணவைப் போட்டால் பகடையில் 1 முதல் 3 வரை விழும்போது நின்று தின்னும். புத்தியுள்ளவற்றுக்குப் புதையல் அதே வேலை செய்யும். ஆகவே ரொட்டியும் ஆயுதம்தான். கதவுகள் விட்டதும் தானே மூடிக்கொள்ளும், அரக்கர்களுக்கு மட்டும் எளிதில் திறக்கும். திரும்பி ஓடும் வழியைத் திறந்து வைக்க இரும்பாணி வேண்டும், பன்னிரண்டு ஆணி ஒரு பொற்காசு. கடைப் பட்டியலில் இருக்கும் அசட்டுப் பொருள் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு பிழைப்புக் காரணம் உண்டு.

இவ்வளவும் இருந்தும் சாவு வரும். பூஜ்யம் ஹிட் பாயின்ட் என்றால் செத்தது செத்ததுதான். மேஜிக் யூசரின் ஹிட் பாயின்ட் நாலுபக்கப் பகடை. ஆறுபக்க அடி ஒன்று பட்டால் சாகும் வாய்ப்பு நாலில் மூன்று. முதல் லெவல் கிளெரிக்குக்கு மந்திரமே கிடையாது. முழுநாள் ஓய்வில் மீள்வது 1 முதல் 3 ஹிட் பாயின்ட். அதே சமயம் தகட்டுக் கவசமும் கேடயமும் 70 பொற்காசுதான். அவற்றை அணிந்தவரை ஓர்க் அடிக்க இருபதில் 17 வேண்டும், அதாவது ஐந்தில் ஒரு வாய்ப்பு. கவசமில்லாதவரை அடிக்க 10 போதும். முன்வரிசை, பின்வரிசை என்று கூட்டம் ஒழுங்காக நின்றாலே பாதிச் சாவு குறையும். புதிய ஆட்டக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விடுவதில் ஒரு பெருமையும் இல்லை.

கூலியாட்களை மறக்கக் கூடாது. கரிஸ்மா (ஆளைக் கவரும் திறன்) 9 முதல் 12 வரை உள்ள கேரக்டர் நாலு பேரைக் கூட வைத்துக்கொள்ளலாம். அவர்களின் மனத்திடம் 7. பந்தம் பிடிக்க ஒருவர், ஈட்டி பிடிக்க இருவர். அவர்களுக்கு எக்ஸ்பி பாதிப் பங்கு. கேரக்டர் செத்ததும் ஆட்டக்காரர் அந்தக் கூலியாளையே தன் கேரக்டராக எடுத்துக்கொண்டு அடுத்த ரவுண்டிலேயே ஆடலாம். புதிதாக உருவாக்குவதாக இருந்தாலும் மூன்று பகடையை ஆறு தடவை வரிசையாக வீசி, வகுப்பைத் தேர்ந்து, பொருள் வாங்கினால் பத்து நிமிடம். இந்த வேகம் இல்லாமல் சாவை மட்டும் கூட்டியது உங்கள் இரண்டாவது பெரிய சிக்கல். ஐந்தாம் பதிப்பில் ஒரு கேரக்டர் செய்ய ஒரு மாலை போகிறது. பின்கதை மூன்று பக்கம். அதைக் கோப்ளின் ஈட்டிக்குக் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

தகவல் விஷயத்தில் பழைய பாணியைப் பற்றிய தவறான நம்பிக்கை ஒன்று பரவியிருக்கிறது: நடுவர் எல்லாவற்றையும் ஒளித்து வைத்து ஆட்டக்காரரைச் சிக்க வைப்பார் என்று. நேர்மாறாகத்தான் இருக்க வேண்டும். கேரக்டரின் திறமை எண்ணை நம்பாமல் ஆட்டக்காரரின் புத்தியை நம்பும் ஆட்டம் என்றால், அந்தப் புத்திக்குத் தீனி வேண்டும். கண்ணுக்குத் தெரிவது, காதில் விழுவது, மூக்கில் ஏறுவது எல்லாவற்றையும் பகடையில்லாமல் தாராளமாகச் சொல்லிவிட வேண்டும்.

"அறை 20-க்கு 30 அடி. எதிர்ச் சுவர்ல இரும்புக் கதவு. தரையெல்லாம் கனமாத் தூசி. நடுவுல ஒரு சதுரத்துல மட்டும் தூசியே இல்ல."
"அந்தச் சதுரத்தக் கம்பால அழுத்திப் பாக்குறேன்."
"மெதுவாவா, பலமாவா?"
"ரெண்டு கையாலயும், உடம்பு பாரத்தப் போட்டு. கால் மட்டும் வெளியத்தான்."
"கல்லு ஒரு பக்கமாச் சாயுது. கீழ பத்தடிப் பள்ளம், அடியில ஒரு எலும்புக்கூடு. அது முதுகுல ஒரு பை."

இங்கே பகடை எதற்கு? கேட்டார், செய்தார், கிடைத்தது. கம்பால் அழுத்தாமல் அறையைக் குறுக்கே கடந்திருந்தால் விதிப்படி பொறி இயங்கும் வாய்ப்பு ஆறில் 2. விழுந்தால் பத்தடிக்கு ஒரு ஆறுபக்கப் பகடை சேதம். பள்ளத்தைக் கண்டுபிடித்துவிட்டதால் ஆட்டம் முடியவில்லை என்பதையும் பாருங்கள். பையை எப்படி எடுப்பது என்ற கேள்வி புதிதாகத் திறக்கிறது. நல்ல பொறி கண்ணுக்கு முன்னால் இருக்கும். அதை எப்படித் தாண்டுவது என்பதில்தான் ஆட்டம்.

முதல் லெவல் தீஃபின் பொறி கண்டுபிடிக்கும் திறமை 10 சதவீதம். இதை வைத்துக்கொண்டு "தீஃப் சோதித்துவிட்டார், போகலாம்" என்று கூட்டம் நகர்ந்தால் தீஃப் சீக்கிரம் தீர்ந்துபோவார். 1974-இல் வந்த முதல் மூன்று சிறு புத்தகங்களில் தீஃப் என்ற வகுப்பே இல்லை. 1975-இன் கிரேஹாக் இணைப்பில்தான் சேர்ந்தது. அதற்குமுன் எல்லோரும்தான் தேடினார்கள், எல்லோரும்தான் ஒளிந்தார்கள். ஆகவே சதவீதத்தைக் கூடுதல் வாய்ப்பாக வையுங்கள்: யாராக இருந்தாலும் விவரித்துச் செய்தால் பலன் உண்டு, விவரிக்க வழியில்லாத நுண்ணிய பூட்டுப் பொறிக்குத் தீஃப் வீசட்டும்.

விதி சொல்லாத ஒன்றை ஆட்டக்காரர் செய்யும்போது நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மேட் ஃபின்ச் 2008-இல் எழுதிய பழைய பாணி அறிமுகக் கையேட்டின் முதல் வாதமே இதுதான்: விதியைத் தேடாதே, தீர்ப்புச் சொல். சொல்வது எளிது, கெட்டுப்போவதும் இங்கேதான் அதிகம். நடைமுறையில் இப்படி வையுங்கள். நிச்சயம் நடக்கும் என்றால் நடந்துவிட்டது, பகடை வேண்டாம். நடக்கவே நடக்காது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த உலகத்தில் வாழும் கேரக்டருக்கு அது தெரியும். இடைப்பட்டதென்றால் ஆறில் எத்தனை என்று வாய்ப்பை அறிவித்து, தோற்றால் என்ன ஆகும் என்பதையும் அறிவித்து, "செய்றீங்களா, வேற யோசிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு எல்லோரும் பார்க்கும்படி வீசச் சொல்லுங்கள். தீர்ப்பை ஒரு நோட்டில் ஒரு வரியாக எழுதிவையுங்கள். எண்ணெய் ஊற்றிய தரையில் ஓடினால் ஆறில் 3 வழுக்கும் என்று இன்று சொன்னவர் அடுத்த மாதம் 1 என்று சொன்னால், ஆட்டக்காரர் உலகத்தைப் படிப்பதை விட்டுவிட்டு நடுவரின் முகத்தைப் படிக்கத் தொடங்குவார். "நடுவர் மனசில் என்ன விடை வைத்திருக்கிறார்" என்று தேடும் ஆட்டமாக அது சீரழியும். உங்களிடம் ஒரே விடை தயாராக இருந்தால் அந்தப் புதிர் கெட்ட புதிர். விடையே இல்லாமல் தடையை மட்டும் வையுங்கள். வழியை அவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

அதே காரணத்தால் பகடையைத் திரைக்குப் பின்னால் மாற்றக் கூடாது. ஒருமுறை காப்பாற்றினால் அதன்பின் வரும் ஒவ்வொரு சாவும் நீங்கள் விரும்பிச் செய்த கொலையாகிவிடும்.

வரைபடத்துக்கு வருவோம். முதல் டன்ஜனுக்கு 24 அறை போதும். நுழைவாயில் குறைந்தது இரண்டு இருக்கட்டும். எந்த அறைக்கும் குறைந்தது இரண்டு வழி போகட்டும். கீழ்த்தளத்துக்கு இரண்டு இறக்கம், அதில் ஒன்று மறைவாக. ஜெனல் ஜாக்வேஸ் 1979-இல் உருவாக்கிய கேவர்ன்ஸ் ஆஃப் த்ரேசியா இந்த விஷயத்தில் இன்றும் பாடம். ஒரே கோடாக அறைகள் அமைந்தால் ஆட்டக்காரருக்குத் தேர்வே இல்லை. முன்னால் இருக்கும் அரக்கரோடு மோதியே ஆக வேண்டும். பிறகு எக்ஸ்பி விதி, மனத்திடம், ஓட்டம் எதற்கும் பயனில்லை.

அறைகளை நிரப்பப் பகடை வீசலாம்: 1, 2 அரக்கர், 3 பொறி, 4 விசேஷம், 5, 6 காலி. 24 அறையில் எட்டு அரக்கர், நாலு பொறி, நாலு விசேஷம், எட்டுக் காலி என்று வரும். காலி அறையைப் பார்த்துப் பதற வேண்டாம். ஓடி ஒளியவும், புதையலை மறைக்கவும், பதுங்கித் தாக்கவும் இடம் வேண்டுமல்லவா? எல்லா அறையிலும் சண்டை வைப்பது ஐந்தாம் பதிப்புப் பழக்கத்தின் எச்சம்.

புதையலை மட்டும் பகடைக்கு விடாதீர்கள். அரக்கர் அறைகளில் பாதி, பொறி அறைகளில் மூன்றில் ஒன்று, காலி அறைகளில் ஆறில் ஒன்றில்தான் புதையல் விழும். முதல் தளத்தில் காவலில்லாத புதையல், ரத்தினமோ நகையோ விழாவிட்டால், சராசரி 50 பொற்காசுக்குச் சற்று மேல். இதை மட்டும் நம்பினால் ஐந்து பேர் லெவல் ஏற மாதக்கணக்காகும், குழு அதற்குமுன் கலைந்துவிடும். ஐந்து பேருக்கு ஏறக்குறைய 10,000 எக்ஸ்பி வேண்டும். மூன்றில் ஒரு பங்கையாவது அவர்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பதால் தளம் முழுவதும் 15,000 மதிப்பு இருக்கட்டும். பெரிய நாலைந்து குவியலை முதலில் நீங்களே இடம் பார்த்து வைத்துவிட்டு, மிச்ச அறைகளுக்குப் பகடை வீசுங்கள். எல்லாவற்றையும் பொற்காசாக வைக்க வேண்டாம். ஆறு பேர் தூக்க வேண்டிய சிலை, நனையக் கூடாத பட்டுத்துணி, உடையக்கூடிய கண்ணாடிக் குடுவை என்று வைத்தால் சுமைப் பேச்சு தானாக வரும்.

"உண்மையான பழைய பாணி எது?" என்று ஒரு சண்டை எப்போதும் நடக்கும். அதில் இறங்காதீர்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதிய முதல் பதிப்பு 1974-இல் லேக் ஜெனீவாவிலிருந்து ஆயிரம் பிரதியாக வந்தபோதே ஊருக்கு ஒரு விதமாகத்தான் ஆடினார்கள். ஆர்னெசனின் பிளாக்மூர் மின்னசோட்டாவில் டேவிட் வெஸ்லியின் பிரௌன்ஸ்டைன் போர் விளையாட்டிலிருந்து முளைத்தது. கைகாக்ஸின் மேசை வேறு. 1984-இல் டிராகன்லான்ஸ் வரிசை வந்தபின் முன்னமே எழுதிய பெருங்கதைக்குள் கேரக்டர்களை நடத்திச் செல்லும் பாணி பெருகியது. இன்று பழைய பாணி என்று நாம் சொல்வது பெரும்பாலும் விதிகளை மற்றவர்களும் பயன்படுத்த விட்ட 2000-இன் திறந்த உரிமத்தைப் பிடித்துக்கொண்டு 2006-இல் ஓஸ்ரிக், 2007-இல் லேபிரிந்த் லார்டு, 2008-இல் ஸ்வோர்ட்ஸ் அண்ட் விசர்ட்ரி என்று எழுந்த மறுவாசிப்பு. டூம் ஆஃப் ஹாரர்ஸைக் காட்டி "பழைய ஆட்டம் என்றால் இப்படித்தான் கொல்லும்" என்பவர்களும் உண்டு. அது 1975 ஆரிஜின்ஸ் மாநாட்டில் போட்டிக்காக நடத்திய டன்ஜன். அதை வாராவார ஆட்டத்துக்கு அளவுகோலாக்கக் கூடாது.

ஐந்தாம் பதிப்பை விடவே மனமில்லை என்றால் குறைந்தது நாலு மாற்றம் செய்ய வேண்டும். லைட் மந்திரம் எத்தனை முறையும் போடலாம் என்று இருக்கும்வரை பந்தக் கணக்குக்கு வேலையில்லை. அதை முதல் லெவல் மந்திரமாக்குங்கள். பாதி இனங்களுக்கு இருக்கும் இருட்டுப் பார்வையை எடுத்துவிடுங்கள். ஒரு இரவு தூங்கினால் எல்லா ஹிட் பாயின்டும் திரும்புவதற்குப் பதில், 2014 நடுவர் கையேட்டிலேயே உள்ள கடுமை விதியின்படி சிறு ஓய்வு எட்டு மணி நேரம், பெரிய ஓய்வு ஏழு நாள் என்று மாற்றுங்கள். கொலைக்கு எக்ஸ்பியை நிறுத்திப் பொற்காசுக்குக் கொடுங்கள். அந்தப் பதிப்பில் இரண்டாம் லெவலுக்கு 300, மூன்றாவதுக்கு 900 என்பதால் புதையல் அளவையும் அதற்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். மனத்திடத்தையும் ரியாக்‌ஷனையும் மேலே சொன்ன இரண்டு பகடையாகவே எடுத்துக்கொள்ளலாம், எந்தப் பதிப்பிலும் ஒட்டும். என் கணிப்பில் இவ்வளவு தைப்பதைவிட ஆட்டத்தையே மாற்றுவது சுலபம். ஐந்தாம் பதிப்பின் இருபதுபக்கப் பகடைப் பழக்கத்தை விடாமல் வர 2023-இன் ஷேடோடார்க் இருக்கிறது. அதில் பந்தம் நிஜக் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் எரியும், கட்டம் போட்டு எழுதவே வேண்டாம்.

மூன்று செஷன் கழித்துப் பாருங்கள். ஆட்டக்காரர்கள் இன்னும் எல்லாக் கூட்டத்தோடும் மோதுகிறார்கள் என்றால் புதையல் குறைவாக இருக்கிறது, அல்லது ரியாக்‌ஷன் வீசாமல் விடுகிறீர்கள். ஒரே அறையில் தேங்கினால் அலையும் அரக்கர் சோதனையை மறந்திருக்கிறீர்கள். எல்லோரும் "பெர்செப்ஷன் (கவனிக்கும் திறமை) வீசட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அறை வர்ணனையில் தொடக்கூடிய பொருள் போதவில்லை, அறைக்குக் குறைந்தது மூன்று வையுங்கள். வரைபடம் வரைய யாரும் முன்வராவிட்டால் வழி தவறுவதற்கு இதுவரை விலை இருந்ததில்லை. வெளியே போகும்போதும் டர்ன் எண்ணுங்கள். இரண்டாவது பந்தம் பாதி வழியில் அணைந்ததும் யாராவது கட்டம் போட்ட தாள் கேட்பார்கள்.